நாலரை மணித் தண்ணீர்

எங்கள் வீட்டு வாசலில் முப்பது அடிக்குப் பதினெட்டு அடி புல்தரை இருக்கிறது. ஐந்நூற்று நாற்பது சதுர அடி. ஒன்றேகால் சென்ட்டுக்கு நாலரைச் சதுர அடி குறைவு. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்பக்கம் மனை வாங்கியவர்கள் எல்லோரும் காம்பவுண்டு வரை கட்டிடத்தை இழுத்துவிட்டார்கள். நாங்கள் மட்டும்தான் முன்னால் இவ்வளவு இடத்தைக் காலியாக விட்டோம். விட்டது என் யோசனை அல்ல, என் மனைவியின் யோசனை. ஒரு வாடகைப் போர்ஷன் கட்டியிருக்கலாம் என்று நான் நெடுநாள் முனகிக்கொண்டிருந்தேன்.

தினமும் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு அவள் வெளிக்குழாயில் ரப்பர் ஓஸை மாட்டிப் புல்லுக்குத் தண்ணீர் விடுவாள். மறதி அவளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொள்ளத் தொடங்கியபோது இந்த வேலையை மட்டும் தொடவில்லை. பேத்தியின் பெயர் போயிற்று. அடுப்பு பற்றவைக்கும் முறை போயிற்று. சாம்பாருக்குப் புளியை எப்போது கரைத்து ஊற்றுவது என்பது போயிற்று. ஐந்தரை மணி ஆனால் கால் தானாக வாசலுக்குப் போகும், கை தானாகக் குழாயைத் திருகும். சிரமம் என்னவென்றால், விட்டு முடித்ததும் விட்டது மறந்துவிடும். உள்ளே வந்து கை துடைப்பாள், வாசலைப் பார்ப்பாள், மறுபடி போவாள். ஒரு சாயங்காலம் நான் எண்ணினேன், ஐந்து தடவை. நடைபாதை சிமெண்ட்டில் பாசி படிந்தது. நான் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ப்பேன், அது மறுபடி படியும். அந்தப் பாசியில்தான் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள்.

டாக்டர் கட்டுப் போட்டுவிட்டு என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். இந்தத் தடவை கை, தப்பித்தார்கள். அடுத்த தடவை இடுப்பெலும்பாக இருந்தால் இந்த நிலையில் உள்ளவர்கள் படுக்கையை விட்டு எழுவது கஷ்டம் என்றார். பெங்களூரிலிருந்து மகள் போனில் அழுதாள். அம்மாவை வாசலுக்கு விடாதே என்றாள். விடாமல் எப்படி வைப்பது என்று அவளும் சொல்லவில்லை, டாக்டரும் சொல்லவில்லை. கதவைப் பூட்டிப் பார்த்தேன். ஐந்தரை மணிக்கு அவள் உள்ளிருந்து தாழ்ப்பாளை ஆட்டும் சத்தத்தை இரண்டு நாள்தான் என்னால் கேட்க முடிந்தது.

அவள் எழுவதற்கு முன்னாலேயே புல் நனைந்திருந்தால் அவள் போகத் தேவையில்லை அல்லவா? மதியம் சாப்பிட்டுப் படுத்தால் ஐந்து மணிவரை தூங்குவாள். நாலரைக்குத் தண்ணீர் தானாக வந்து கால் மணி நேரத்தில் தானாக நின்றுவிட வேண்டும். அப்படித்தான் ஸ்பிரிங்க்ளர் யோசனை வந்தது. எனக்கு அது மிகவும் நல்ல யோசனையாகத் தோன்றியது. இப்போதும், அதில் எந்த இடத்தில் கணக்கு தவறியது என்று தேடினால், குழாய்க் கணக்கில் ஒரு தவறும் இல்லை.

பிளம்பரைக் கூப்பிட்டேன். பௌர்ணமி கழித்து வருகிறேன் என்றார். இந்த ஊரில் பௌர்ணமிக்கு முந்தைய வாரம் ஒரு பிளம்பரும் வீடுகளுக்கு வரமாட்டார். லாட்ஜ்காரர்களும் ரூம் வாடகைக்கு விடுகிறவர்களும் அவர்களைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். கிரிவலம் வருகிற கூட்டத்துக்கு எல்லாக் குழாயிலும் தண்ணீர் வர வேண்டும். பௌர்ணமி கழிந்தது. இரண்டு நாள் ஓய்வு என்றார். பிறகு தேய்பிறை, புது வேலை தொடங்குவதில்லை என்றார். அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. நானே செய்துகொள்கிறேன் என்று முடிவு செய்தேன். பயிர்க் கணக்கு எடுக்கும் துறையில் வேலை பார்த்தவன் நான். வயலை அளந்து, வெட்டி, எடைபோட்டுப் பழக்கம். ஒன்றேகால் சென்ட் என்னை என்ன செய்துவிடும் என்று நினைத்தேன்.

விவசாயத்துக்குச் சொட்டுநீர்க் குழாய் விற்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் மணிலா, அதாவது வேர்க்கடலை, பயிரிடுகிற இருவருக்கு விலை சொல்லிக்கொண்டிருந்தார். என் முறை வந்ததும் எத்தனை ஏக்கர் என்று கேட்டார். அளவைச் சொன்னேன்.

"ஒன்னேகால் சென்ட்டா? பெரியவரே, அதுக்கு நீங்க வாயில தண்ணி வெச்சுத் துப்பினாலே போதுமே" என்றார்.

மணிலாக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் மனிதர் நல்லவர், நான் தாளில் போட்டு வந்த படத்தை வாங்கிப் பார்த்தார். மாடித் தொட்டியிலிருந்து இறக்கினால் அழுத்தம் போதாது, தண்ணீர் தெளிக்கிற ஸ்பிரிங்க்ளர் தலை சுற்றாது, போர்வெல் மோட்டாரிலிருந்து மேலே ஏறுகிற குழாயிலேயே டீ இணைப்பு போட்டுப் பிரித்துவிடுங்கள் என்றார். அதை நானும் கணக்குப் போட்டுத்தான் வைத்திருந்தேன். மோட்டார் தண்ணீர் பதினைந்து லிட்டர் வாளியை இருபது நொடியில் நிரப்புகிறது. நிமிடத்துக்கு நாற்பத்தைந்து லிட்டர். ஒரு தலைக்கு எட்டு லிட்டர் என்றால் நாலு தலைக்கு முப்பத்திரண்டு. மீதி மேலே தொட்டிக்கு ஏறட்டும்.

ஒரு அங்குலக் குழாய் மூன்று லெங்த், முக்கால் அங்குலம் இரண்டு, எல்போ ஒன்பது, டீ நாலு, பால் வால்வு ஒன்று, நாலு தலை, ஒரு டப்பா பசை. ஷேர் ஆட்டோவில் குழாயை ஏற்ற மறுத்துவிட்டார்கள். தனி ஆட்டோவில், குழாயின் ஒரு முனை எனக்கும் டிரைவருக்கும் நடுவில், மறுமுனை பின்னால் வருகிற பஸ்ஸைக் குத்துகிற மாதிரி, வீடு வந்து சேர்ந்தேன்.

காலை வெயில் ஏறும் முன்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பள்ளம் எடுத்தேன். ஆறு அங்குல ஆழம் என்று நினைத்திருந்தேன், நாலு அங்குலத்துக்குக் கீழே எங்கும் கல். மலை அடிவாரத்து மண் அப்படித்தான். கடப்பாரை பட்டால் கைக்குத்தான் வலிக்கும். புல்லைத் தனியாக, சப்பாத்தி திருப்புகிற மாதிரி சதுரம் சதுரமாகப் பெயர்த்து நிழலில் அடுக்கி வைத்தேன். அவள் படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு பார்ப்பாள். என்ன செய்கிறீர்கள் என்று கேட்பாள். உனக்குச் சிரமம் வேண்டாம் என்று குழாய் போடுகிறேன் என்பேன். நல்லது என்பாள். பத்து நிமிடத்தில் மறுபடி கேட்பாள். பொறுமையாகப் பதில் சொன்னேன். நான் பொறுமைசாலி அல்ல, ஆனால் அந்த வேலை நடந்த நாட்களில் எனக்குக் கோபமே வரவில்லை. வாழ்க்கையில் ஏதோ ஒன்றைச் சரிசெய்துகொண்டிருக்கிறேன் என்ற எண்ணம் மனிதனை அவ்வளவு சாந்தமாக ஆக்கிவிடுகிறது.

பசை போடாமல் முதலில் எல்லாவற்றையும் சொருகிப் பார்த்தேன். நேராக இருக்கிறதா என்று நூல் பிடித்தேன். பிறகு ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றி, உப்புத்தாளில் தேய்த்து, பசை தடவி, அழுத்திப் பிடித்து முப்பது வரை எண்ணி விட்டேன். எண்ணுவதில் பிசகு வராது. எந்த இணைப்பை எண்ணினேன் என்பதில்தான் பிசகு. முப்பத்திரண்டு இணைப்பில் ஒன்றை வெறுமனே சொருகியபடி விட்டிருக்கிறேன். மண் மூடி, புல்லைத் திரும்பப் பதித்து, மோட்டாரைப் போட்டால், நடுப் புல்லில் ஒரு சதுரம் மெல்ல மூச்சு வாங்குகிற மாதிரி எழும்பி, பிளந்து, சேறும் கல்லுமாக என் மூக்குக் கண்ணாடி மேல் வந்து விழுந்தது. படியில் உட்கார்ந்திருந்த அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது. நானும் சேற்றோடு நின்று சிரித்தேன்.

அதைத் தோண்டி ஒட்டினேன். மூன்றாம் நாள் கடைசி இரண்டு தலையும் சுற்றாமல் ஒழுகின. கழற்றிப் பார்த்தால் போர்வெல் மண், கடுகு கடுகாக. மறுபடி கடைக்குப் போய் வடிகட்டி வாங்கி மாட்டினேன். எலக்ட்ரீஷியன் வந்து மோட்டார் ஸ்டார்ட்டரில் டைமர் பொருத்திக் கொடுத்தார். நாலரைக்கு ஓட வேண்டும், நாலே முக்காலுக்கு நிற்க வேண்டும்.

முதல் நாள் நான் ஜன்னலருகில் நின்று பார்த்தேன். டக் என்று ஸ்டார்ட்டர் விழுந்து மோட்டார் ஓடத் தொடங்கியது. நாலு தலையும் ஒரு கணம் இருமி, காற்றைத் துப்பி, பிறகு சுற்றத் தொடங்கின. நாலு வட்டமும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தன. ஒரு சாண் இடம்கூட விட்டுப்போகவில்லை. நடைபாதையில் ஒரு சொட்டு விழவில்லை. உள்ளே அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். கால் மணியில் எல்லாம் நின்றது. ஓஸைச் சுருட்டி மொட்டை மாடியில் போட்டேன். வெளிக்குழாயின் பிடியைக் கழற்றி அலமாரியில் வைத்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த நிம்மதியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஐந்தரைக்கு அவள் வாசலுக்கு வந்தாள். கட்டு அதற்குள் பிரித்தாகிவிட்டது. புல்லைப் பார்த்தாள். படியிறங்கிக் குனிந்து, உள்ளங்கையைப் புல்லின் மேல் வைத்துப் பார்த்தாள். கையைத் திருப்பி ஈரத்தைப் பார்த்தாள். உள்ளே வந்துவிட்டாள். இவ்வளவுதானா, இவ்வளவு சுலபமா என்று நினைத்தேன். மகளுக்குப் போன் செய்து சொன்னேன். அவள் என்னைப் பாராட்டினாள்.

ஒரு வாரம் அப்படியே போயிற்று. வருவாள், தொட்டுப் பார்ப்பாள், திரும்புவாள். பிறகு தொட்டுப் பார்ப்பதும் நின்றது. படிக்கு மேலேயே நின்றுகொண்டாள். அவள் குரலே குறைந்துபோயிற்று. சமையல் செய்ய வருகிற பெண் மிக்ஸி போட்டால் இவள் பதறிப் போய்ச் சத்தம் வேண்டாம் என்றாள். குளியலறையில் அரை வாளி தண்ணீரில் குளித்துவிட்டு வந்தாள். ஏன் என்று கேட்டால் போதும் என்றாள். சுவரில் இருந்த ஆணியில் காலண்டர் மாட்டப் போனேன், புது ஆணி எதுவும் அடித்துவிடாதீர்கள் என்று தடுத்தாள். நோய் அடுத்த படிக்குப் போகிறது என்று நினைத்து, டாக்டரிடம் சொல்ல இவற்றை வரிசையாக மனத்தில் வைத்துக்கொண்டேன்.

ஒருநாள் அவள் நாலேகாலுக்கே விழித்துவிட்டாள். நான் கவனிக்கவில்லை. ஸ்டார்ட்டர் விழுந்த சத்தம் கேட்டு ஹாலுக்கு வந்தால், அவள் ஜன்னல் திரையை ஓர் ஓரமாக விலக்கி, உடம்பைச் சுவரோடு மறைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் விரலை உதட்டில் வைத்தாள்.

"ஓனரம்மா தண்ணி விட்டுட்டாங்க" என்றாள் மெதுவாக. "டைமுக்கு விட்டுடறாங்க. கரெக்டா."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது சோபாவில் உட்கார்ந்துவிட்டேன்.

வேலையில் இருந்த காலத்தில் போளூர், ஆரணி, செங்கம், செய்யாறு, வந்தவாசி என்று ஏழு வாடகை வீட்டில் இருந்தோம். ஏழிலும் மோட்டார் சுவிட்ச் வீட்டுக்காரர் பக்கத்தில்தான் இருந்தது. அவர்கள் நினைத்த நேரத்துக்குப் போடுவார்கள், நினைத்த நேரத்துக்கு நிறுத்துவார்கள். அதற்குள் இவள் குடம், வாளி, அண்டா எல்லாவற்றையும் நிரப்பியாக வேண்டும். ஆரணியில் இருந்த ஓனரம்மா வாசல் செடிக்குத் தண்ணீர் விடும்போது எங்கள் பக்கம் குழாயை மூடிவிடுவார். இவள் நிரம்பாத குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தம்மா முடிக்கும்வரை நிற்பாள். முப்பது வருஷம் அவளுக்குத் தண்ணீர் இன்னொருவர் கையில் இருந்தது. யார் கை தண்ணீரைத் திறந்து மூடுகிறதோ அவர்கள் வீடு அது. அவளுக்கு மிச்சமிருந்த ஒரே பத்திரம் அந்தக் குழாய்த் திருகுதான். அதை நான்தான் கழற்றி அலமாரியில் வைத்திருந்தேன்.

அவளுக்கு விளக்க முயன்றேன். கையைப் பிடித்து அழைத்துப் போய் டைமரைக் காட்டினேன், ஸ்பிரிங்க்ளர் தலையைக் காட்டினேன், இது நம் வீடு, நான் போட்ட குழாய் என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். திரும்பி வரும்போது, ஓனரம்மா இல்லாத நேரத்தில் இதையெல்லாம் தொட்டால் தப்பாக நினைத்துக்கொள்வார்கள் என்று என்னைக் கண்டித்தாள்.

டைமரை நிறுத்தினேன். குழாய்க்குப் பிடியைத் திரும்ப மாட்டினேன். மாடியில் கிடந்த ஓஸ் வெயிலில் காய்ந்து வெடித்திருந்தது, புதிதாக நாற்பது அடி வாங்கி மாட்டி, அவள் கண்ணில் படுகிற மாதிரி நடைபாதையில் நீட்டி வைத்தேன். புல் காய்ந்தால் பழைய கை தானாக வந்துவிடும் என்று நம்பினேன். இந்த ஊர் வெயிலுக்குப் புல் காய நாளாகாது. நுனி வெளுத்தது, பிறகு ஓரம் பழுத்தது, பிறகு சதுரம் சதுரமாக நான் பெயர்த்து வைத்த தடமெல்லாம் மஞ்சளாகத் தெரிந்தது. தினமும் ஐந்தரைக்குப் படிக்குமேல் வந்து நின்று பார்ப்பாள். முகம் வாடும்.

"பாவம், காயுது. ஓனரம்மா ஊர்ல இல்லியா?" என்றாள்.

நீ விடேன் என்றேன்.

"ஐயோ, கேக்காம எப்படிங்க?"

ஓஸைக் கையிலேயே கொடுத்துப் பார்த்தேன். பிடித்துக்கொண்டாள், வாசல் கேட்டைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள். பிறகு மெல்லக் கீழே வைத்துவிட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாள் ஓஸைத் தொடவே பயந்தாள்.

கடைசியாக ஒரு காரியம் செய்தேன். பக்கத்து வீட்டம்மா பள்ளி ஆசிரியை. எங்களிடம் பிரியமாக இருப்பவர். அவரிடம் போய் நடந்ததைச் சொல்லி, ஓனரம்மா மாதிரி வந்து, நேரில், தண்ணீர் விடச் சொல்லுங்கள் என்று கேட்டேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. அம்மாவிடம் பொய் சொல்லச் சொல்கிறீர்களே சார் என்றார். எனக்கு வேறு வழி தெரியவில்லை என்றேன். அன்று சாயங்காலம் பள்ளிப் புடவையை மாற்றாமல் அப்படியே வந்தார்.

கேட் திறந்ததும் என் மனைவி நாற்காலியிலிருந்து எழுந்து, முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். உட்காருங்கள் என்று தன் நாற்காலியை நகர்த்திக் கொடுத்தாள். அந்தம்மா உட்காரவில்லை. சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்து வந்திருப்பார் போல, ஒரே மூச்சில் சொன்னார்.

"இனிமே புல்லுக்கு நீங்களே தண்ணி ஊத்துங்கம்மா. எப்ப வேணா ஊத்துங்க. எவ்ளோ வேணா ஊத்துங்க."

"சரிங்கம்மா" என்றாள் இவள்.

இறங்கிப் போய்க் குழாயைத் திருகினாள். ஓஸை எடுத்தாள். முனையில் கட்டைவிரலை வைத்து அழுத்தி விசிறி மாதிரி பிரித்துவிட்டாள். அந்தக் கட்டைவிரல் ஒன்றையும் மறக்கவில்லை. ஆனால் குழாயைக் கால் திருகுதான் திறந்திருந்தாள். இரண்டடி நகர்ந்ததும் திரும்பிப் பார்த்தாள்.

"போதுங்களா?"

இன்னும் விடுங்கள் என்றார் அந்தம்மா. இன்னும் இரண்டடி. மறுபடி திரும்பி, போதுங்களா? பாதித் தரை நனையும் முன்பே குழாயை மூடினாள். சொட்டு விழாமல் இன்னொரு தடவை இறுக்கினாள். ஓஸைச் சுருட்டிச் சுவரோரம் வைத்துவிட்டு, கைகட்டி நின்றாள். பக்கத்து வீட்டம்மா என்னைப் பார்க்காமல் கேட்டைத் திறந்து போய்விட்டார். அவர் அழுதாரா என்று எனக்குத் தெரியாது, வேகமாகப் போனார்.

நான் டைமரைத் திரும்பப் போட்டுவிட்டேன். புல் பச்சை பிடித்துவிட்டது. குழாய் வேலை பார்த்தவர்கள் யார் வந்தாலும் மோட்டார் பக்கத்தில் வெளியே தெரிகிற இணைப்புகளைப் பார்த்து, யார் செய்தது என்று கேட்கிறார்கள். நாலரைக்கு ஸ்டார்ட்டர் விழும் சத்தம் கேட்டால் அவள் விழித்திருந்தாலும் பேச்சை நிறுத்திக்கொள்கிறாள்.

அன்றைக்கு, அந்தம்மா போன பிறகு, அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இதுவரை இருந்த ஓனர்களில் இவர்தான் நல்ல மாதிரி என்றாள். முகத்தில் கடுகடுப்பே இல்லை என்றாள். கொஞ்ச நேரம் ஹாலையும் ஜன்னலையும் மேலே மின்விசிறியையும் சுற்றிப் பார்த்தாள். பிறகு என் கையைத் தொட்டாள்.

"ஏங்க, நமக்கும் வயசாயிடுச்சு. இனிமே சாமான் கட்டித் தூக்கிக்கிட்டு வேற வீடு போக முடியாது. கடைசி வரைக்கும் இங்கயே இருக்கலாமான்னு அந்தம்மாவ ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க."

கேட்கிறேன் என்றேன்.